சாக்கு

எட்டுப் புள்ளி இரண்டு என்றது காகிதம்.
நடங்க, என்றார் டாக்டர் நூருல்லா
நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.
எங்கே என்று அவர் சொல்லவில்லை.

வேளச்சேரியில் நடந்து பார்த்தேன்.
நடைபாதையில் முதலில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர்,
அப்புறம் இளநீர்க் குவியல்,
அப்புறம் பின்னாலிருந்து ஹார்ன் அடிக்கும் ஸ்கூட்டர்.
நடைபாதையில் நான் நடப்பது
அதற்கு இடைஞ்சலாம்.

டிரெட்மில் வாங்கினோம்.
இருபது நிமிடம் சுவரைப் பார்த்து நடந்தும்
சுவர்வரைக்கும் போய்ச் சேரவில்லை.
இப்போது அதில் துண்டு காய்கிறது.

நடப்பதற்காகவே நடக்க
எனக்கு வரவில்லை.
ஒரு பொய்க் காரணமாவது வேண்டியிருந்தது.
நந்தனத்தில் கிடைத்தது,
எலுமிச்சை அளவில், வெள்ளையாக.

காலை ஐந்தே முக்கால்.
மழையே இல்லாமல் நனைந்திருக்கிறது ஆகஸ்ட் புல்.
அடையாற்றின் வாடை ஒரு பக்கம்,
அண்ணா சாலையின் முதல் பஸ்கள் மறுபக்கம்.
மாசிலாமணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
"வண்டி எடுக்கலையா மேடம்" என்கிறார்,
பதில் தெரிந்தே, தினமும்.

அடிக்கிறேன்.
அது எங்கேயோ போகிறது.
போனதைத் தேடிப் போகிறேன்,
கண்டதும் மறுபடி அடிக்கிறேன்.
தானே எறிந்து தானே ஓடிப் பொறுக்கும்
நாய் இந்த ஊரில் நான் ஒருத்திதான்.

ஸ்ரீவத்சன் சார் நூல் பிடித்தாற்போல் அடிப்பார்.
பதினெட்டுக் குழிக்கும் அவருக்குப் பதினோராயிரம் அடி.
எனக்குப் பதினாறாயிரத்து நானூறு.
வேலியோரம், மணல் குழி, தூங்குமூஞ்சி மரத்தடி,
பக்கத்துக் குழிக்காரர்களின் முறைப்பு என
ஒன்றையும் விடாமல் எட்டிப் பார்த்துவிட்டுத்தான்
பச்சைக்கு வந்து சேர்கிறேன்.
கோப்பையும் அவருக்கு, தொப்பையும் அவருக்கு.

ஏழாவது குழியருகே ஓர் ஆட்காட்டிக் குருவி.
மட்டை காற்றை அடிக்கும்போதெல்லாம்
மைதானத்துக்கே கேட்கக் கத்துகிறது.
அங்கே குஞ்சு இருக்கும், அதான், என்பார் மாசிலாமணி
என் மானத்தைக் காப்பாற்ற.

பதினோராவதில் ஒரு நாள்
மூன்று பந்தும் தொலைந்தது.
பையின் எல்லா ஜிப்பையும் திறந்து பார்த்தார்.
இல்லை.
சரி, மீதியைச் சும்மா நடப்போம் என்றேன்.

ஒரு குழி போனோம். இன்னொரு குழி.
திடீரென்று தூரம் தூரமாகத் தெரிந்தது.
குதிகால் தன் பெயரைச் சொல்லத் தொடங்கியது.
வெயில், இத்தனை நாள் எங்கேதான் இருந்ததோ,
பிடரியில் வந்து உட்கார்ந்தது.
"பந்து இல்லாம நடந்தா கால் வலிக்குது மேடம்"
என்றார் மாசிலாமணி.
வலிக்கும் என்றே நான் நினைத்திராத கால்.

பத்து கிலோ. காலையில் ஒரு சுற்று,
ஆள் கிடைத்தால் மாலையிலும் ஒன்று.
சாக்கை நான் சொல்கிறேன்,
சாக்கை அவர் சுமக்கிறார்.

வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம்.
பந்து தேடிய ஜிப்பில்
சர்க்கரை பார்க்கும் கருவி அகப்பட்டது.
எனக்குப் பார்த்தேன்: நூற்று எழுபத்தொன்று.
விரலை நீட்டினார் அவரும், விளையாட்டாக.
காலையில் கேன்டீன் வாசலில்
நாலு பஜ்ஜியும் சர்க்கரை தூக்கலாக டீயும் சாப்பிட்ட விரல்.

நூற்று நான்கு.

"நல்லதா கெட்டதா?"
நல்லது, என்றேன். ரொம்ப நல்லது.
பொறாமையாக இருந்தது.
பொறாமைப்பட எனக்கு என்ன உரிமை என்று
கேட்டுக்கொள்ளவும் செய்தேன்,
பஞ்சால் அவர் விரலைத் துடைத்தபடி.
அவர் பஞ்சை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்,
வாசனையாக இருக்கிறது என்று.

திங்கட்கிழமை மைதானத்துக்கு விடுமுறை.
மதியம் மூன்று மணிக்கு
கைக்கடிகாரம் இருநூற்றுப் பத்து அடி காட்டுகிறது.
பீரோவுக்கு அடியில் வெள்ளையாக ஏதோ.
முழங்காலிட்டு, கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தேன்.
வெங்காயம்.

துடைப்பத்தால் தள்ளிவிட்டேன்.
உருண்டது,
கூடம் தாண்டி, சமையலறை தாண்டி,
பால்கனி வரைக்கும்.

எழுந்து போனேன்.