நாலு தாள்

கையில் இருந்தது நாலே தாள் பிலிம்.
ஒரு தாள் காசுக்கு
நீடாமங்கலம் கடைத்தெருவில்
ரெண்டு பேர் பிரியாணி தின்னலாம் என்று சொல்லிவிட்டு
சைமன்ராஜ் வாய் நிறைய
மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டான்.
அதற்குமேல் பேச்சில்லை.

வைகாசி. கோரையாற்றில் ஆறு இல்லை,
பகல் சூடு இன்னும் இறங்காத மணல்தான்.
ட்ரைபாடின் ஒரு கால் புதைந்துகொண்டே போனது.
அடியில் ஓர் ஓட்டுத்துண்டு கொடுத்தேன்.
நெருப்பை வைத்து ஃபோகஸ் பண்ண முடியாது,
அது ஓர் இடத்தில் நிற்காது.
அவள் நிற்கப்போகும் இடத்தில்
ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி நட்டேன்.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால்
என் மூச்சின் புழுக்கம், ஒரு கொசு,
தேய்த்த கண்ணாடியில் தலைகீழாய் எல்லாம்.
வேதவல்லி எட்டிப் பார்க்க வந்தாள்.
பகலில் பெட்ரோல் பங்கில் வேலை அவளுக்கு,
தீக்குச்சி கிழிக்காதே என்ற பலகைக்கு நேர் கீழே.
துணிக்குள் குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை.
எதிரே சைமன் ஊதிய நெருப்பு
கண்ணாடியில் மேலிருந்து கீழே கொட்டியது.
"மதகு தொறந்த மாதிரி இருக்கு" என்றாள்.

பிறகு கேட்டாள்:
"என் மூஞ்சி விழுமா?"
நாற்பது எண்ணும்வரை திறந்திருக்கும்.
நின்றால் விழும்,
சுற்றினால் நெருப்பு மட்டும்தான்.
"அப்பாடா. பங்க் ஓனருக்குத் தெரிஞ்சா
அன்னைக்கே கணக்கு முடிச்சுருவாரு."

முதல் தாளில் காற்று.
இரண்டாவதில் லென்ஸை மூடாமல் தகட்டை உருவினேன்,
நெற்றி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.
மூன்றாவதில் ஒரு நாய் குறுக்கே ஓடியது.
ஓடுகிற நாய் படத்தில் இருக்காது என்று
நாய்க்கு எப்படித் தெரியும்.

நாலாவது.
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது,
பந்தம் அணைந்தது.
எனக்கு அணையவில்லை,
கண்ணுக்குள் வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது.
ஷட்டர் கம்பியைப் பிடித்தபடி
மூட மறந்து நின்றேன்.
அவள் மணலில் உட்கார்ந்து
மணிக்கட்டைத் தூக்கி ஊதிக்கொண்டிருந்தாள் போல.
எனக்குத் தெரியவில்லை.
கரைமேல் யாரோ டி.வி.எஸ். ஃபிப்டியைத் திருப்பினார்கள்.
ஒரே விநாடி
மணல் முழுக்க வெள்ளை.

கும்பகோணத்தில் லாட்ஜ் குளியலறை,
கதவிடுக்கில் என் வேட்டி.
கழுவித் தூக்கிப் பிடித்தால்
நெகடிவில் நெருப்பு கறுப்பு,
இரவு வெறும் கண்ணாடி.
வளையத்துக்குள், மிளகு அளவு முகத்தோடு,
கையை ஊதுகிறாள் ஒருத்தி.

ஆனி பிறந்து தண்ணீர் வந்துவிட்டது.
நாங்கள் நின்ற இடத்தில் ஆள் ஆழம்,
அந்த ஓட்டுத்துண்டு அடியில் எங்கோ.
பங்கில் வண்டி வரிசை நீளமாக இருந்தது.
கையைச் சட்டையில் துடைத்துவிட்டு
ஓரத்தைப் பிடித்து வாங்கினாள்.
உள்ளங்கை அளவுப் படம்.
"விழாதுன்னீங்க."
மூட மறந்துட்டேன்.
"யாரோ மாதிரி இருக்கா."
பின்னால் மினி லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
அவள் இன்னும் ஒருமுறை பார்த்தாள்,
இந்த முறை படத்தைத் தலைகீழாய்ப் பிடித்து.
பிறகு காசுப்பையில் ஐநூறு ரூபாய்த் தாள்களுக்கு நடுவே
முகம் உள்பக்கமாய்ச் செருகி,
குழாயை எடுத்து லாரிக்காரனிடம் சொன்னாள்:
"ஜீரோ பாத்துக்குங்க."