பன்னிரண்டுக்கு முன்னாலா, பின்னாலா

புதுவண்ணாரப்பேட்டை தாண்டியதும்
ரயில் மண்ணுக்குள் இறங்கிவிடும்.
நேற்று சாயங்காலம் வந்த தீர்ப்பு
பதினான்காம் பக்கத்தோடு நின்று
சுற்றிக்கொண்டே இருக்கிறது கைபேசியில்.
எதிர்த் தரப்பு வக்கீல்
ராத்திரியே படித்து முடித்திருப்பார்.
அவருக்கு இரண்டு ஜூனியர்கள்.
எனக்கு நான்தான்.

பையில் இரண்டு சட்டப் புத்தகம்.
பழசுக்கு முதுகு பிரிந்துவிட்டது,
ஐந்நூற்றுப் பதினோரு பிரிவிலும்
படித்த காலத்து மஞ்சள் கோடு.
புதுசு இன்னும் பசை வாசனை போகாதது.
ஜூலை ஒன்று பிறந்த நள்ளிரவில்
முந்நூற்றி இரண்டு நூற்றி மூன்றாகிவிட்டது.
தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் சொல்வேன் என்று
நான் பீற்றிக்கொண்ட எண்கள் எல்லாம்
சொல்லாமல் வீடு காலி பண்ணிப் போய்விட்டன.
எது எங்கே குடிபோனது என்று எழுதி
குளியலறைக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன்.
பல் துலக்கும்போது படிக்கிறேன்.
ஈரத்தில் கீழ்வரிசை அழிந்துகொண்டு வருகிறது.

காலடிப்பேட்டை டீக்கடை தேசப்பன்
பால் ஊற்றுகிறவரை இன்றைக்கும்
"சரியான ஃபோர் ட்வென்ட்டி" என்றுதான் திட்டினார்.
"இனிமே முந்நூத்திப் பதினெட்டுண்ணே."
"வுடு மேடம்,
அது திட்ற மாதிரியே இல்ல,
பஸ் நம்பர் மாரி கீது."

தண்டையார்பேட்டை.
இன்னும் பதினான்காம் பக்கம்.

கன்னியப்பன் வழக்கு சின்னதுதான்.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற இடத்தில்
பங்குக் காசுத் தகராறு,
கட்டையால் ஓர் அடி,
மச்சான் தலையில் ஆறு தையல்.
ஜூன் முப்பது, ராத்திரி.
போலீஸ் எழுதியிருப்பது பதினொன்று ஐம்பது,
அதனால் பழைய சட்டம்.
அடிபட்டது பன்னிரண்டு ஐந்துக்கு என்கிறது
ஸ்டான்லி ஆஸ்பத்திரிச் சீட்டு.
அப்படியென்றால் புதுசு.
ஒரு கட்டை ஓங்கி இறங்குவதற்குள்
ஒரு சட்டம் செத்து இன்னொன்று பிறந்திருக்கிறது.

"அடி விழுந்தது பன்னண்டுக்கு முன்னாலயா,
பின்னாலயா?" என்று கேட்டேன்.
யோசித்துத்தான் சொன்னார்:
"வாட்ச்ச கழட்டி வெச்சுட்டுதாம்மா வலையில கை வெப்போம்.
கச்சான் அடங்கி
கடலு சப்புனு கெடந்துச்சு. அப்ப."
அதை எந்த மனுவில் எப்படி எழுத?

அவர் சம்சாரம் அம்சா குறுக்கே வந்தார்:
"எதுல கம்மியா போடுவாங்களோ
அதுல எழுதிடு வக்கீலம்மா."
இரண்டிலும் மூன்று வருஷம் வரைக்கும் போகலாம்.
அபராதம் இருபதாயிரம் வரை என்று
புதுசில் தொகை போட்டிருக்கிறது.
அவ்வளவுதான் வித்தியாசம் என்று நான் சொன்னபோது
அவ்வளவுதானா என்று அவர் கேட்கவில்லை.
இருபதாயிரமா என்றுதான் கேட்டார்.

மச்சானும் இவரும்
இப்போது ஒரே போட்டில்தான் போகிறார்கள்.
சமாதானம் அவர்களுக்கு ஆகிவிட்டது,
சட்டத்துக்கு ஆகவில்லை.

வண்ணாரப்பேட்டை. மண்ணடி.
பக்கத்து இருக்கைப் பையன்
என் தோள்வழியே திரையைப் பார்த்துவிட்டு
"நெட் இல்லீங்களா?" என்றான்.
தீர்ப்பு இல்லை தம்பி, என்றேன்.

உயர் நீதிமன்றம்.
நகரும் படியில் ஏறுகையில்
கோட்டு ஒரு கையில், புத்தகம் ஒரு கையில்,
கைபேசி நடுங்கி விழித்துக்கொண்டது.
பதினைந்தாம் பக்கம்.
நள்ளிரவின் இரு கரையிலும் கால் வைத்த குற்றம்
எந்தச் சட்டத்தில் அடங்கும் என்பது
சுவாரசியமான கேள்வி என்கிறார்கள்.
ஆனால் இந்த வழக்கின் முடிவுக்கு
அது தேவையில்லை என்பதால்
திறந்தே விடுகிறார்களாம்.

திறந்த கதவில் கடல் காற்று.
அந்தப் பக்கத்துக்குள்ளேயே இன்னொரு செய்தி:
அரசிதழில் ஏதோ திருத்தம், நேற்றுத் தேதியிட்டு.
மதியம் பார்க்கலாம்.
பிராட்வே ஜெராக்ஸ் கடையில்
பதினைந்தாம் பக்கத்தை மட்டும் மூன்று பிரதி,
ஆறு ரூபாய்.

வேப்பமரத்தடியில் கன்னியப்பன்,
தேய்த்த சட்டை, நெற்றியில் திருநீறு,
இடது கையில் பெரிய வாட்ச்.
மணி என்ன என்று கேட்டேன்.
பத்து நிமிஷம் கூட ஓடுது என்றார்,
மச்சானுடையதாம்.