மூன்றாவது புள்ளி

கொமிட் ஒவ்வொன்றுக்கும் பிறக்கும்போதே
நாற்பது எழுத்தில் ஒரு பெயர் விழுகிறது.
யாரும் முழுதாய்க் கூப்பிடுவதில்லை.
முதல் ஏழு போதும்.
கன்னியாவிலும் கிணறு ஏழு.
எது சுடும், எது ஆறியிருக்கும் என்பது
வாளி இறக்கியவருக்கே தெரியும்.

கிளைக்குப் பெயர் நாங்கள் வைப்பது.
"ஐஸ்-கழிவு" என்று தொடங்கினேன்.
பிறகு "ஐஸ்-கழிவு-சரி".
பிறகு, வெட்கத்தோடு, "ஐஸ்-கழிவு-மெய்யாகவே-சரி".
சஜீமா தன்னுடையதற்கு "வெள்ளிக்கிழமை" என்று மட்டும் வைத்தாள்.
எந்த வெள்ளி என்றேன்.
"முடியுற வெள்ளி."

பஸ் ஸ்டாண்ட் பலகையில்
இந்த ஊருக்கு மூன்று மொழியில் மூன்று பெயர்,
இறங்கும் இடம் ஒன்றுதான்.
கிளையும் அவ்வளவே,
ஒரு கொமிட்டின் தோளில் ஒட்டிய துண்டுக் காகிதம்.
புதிது வந்தால் எழுந்து
அதன் தோளுக்குப் போய்விடும்.

புதன் பின்னேரம்.
உட்துறைமுக வீதியில் கரண்ட் போய் வந்தது.
திருக்கடலூர்ச் சங்கத்து எமிலியான்
மூன்றாம் தரம் அழைத்தார்.
சூரைக்கு நிறை சரி, காசு பிழை,
ஐஸைக் கழிக்காமல் துண்டு அடிக்குதாம்.

என் கிளை, இரண்டு புள்ளி, அவள் கிளை.
என்டர் அடித்தேன்.

திரை சிவந்தது.
நாற்பத்தியொரு வரி,
ஒவ்வொன்றின் தலையிலும் கழித்தல் குறி.
ஏப்ரலில் இரா விழித்து எழுதிய கணக்கு,
ஈரச் சாக்குக்கு வைத்த விதிவிலக்கு,
"இதைத் தொடாதே" என்று நான் இட்ட குறிப்பும்கூட
இல்லை.
நடுவில் கொஞ்சம் பச்சையும் இருந்தது.
நான் பார்க்கவில்லை.

"ஏன் அழிச்சனி?" என்று அனுப்பினேன்.
பிறகு "கேட்டிருக்கலாம்."
பிறகு எழுதியிருக்கக் கூடாத ஒன்று.

கிண்ணியா பஸ்ஸில் அவளுக்கு
சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும்.
பதில் இல்லாததும்
எனக்கு ஒரு சாட்சியாகப்பட்டது.

கைக்கு ஏதாவது வேலை வேண்டும்.
மேலம்பை அழுத்திப் பழைய கட்டளையை எடுத்தேன்.
இரண்டு புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொன்று விழுந்தது.
விரல் நடுக்கமோ,
எப்போதோ வாசித்த நினைவோ.

சிவப்பெல்லாம் போயிற்று.
பதினொரு வரி. பச்சை.

இரண்டு புள்ளி
இரு நுனிகளை மட்டும் எதிரெதிரே நிறுத்தி
என்னிடம் உள்ளது அவளிடம் எங்கே என்று கேட்கும்.
மூன்று புள்ளி முதலில் கீழே இறங்கும்,
இருவரும் கடைசியாய் ஒன்றாய் நின்ற கொமிட்வரை.
அங்கிருந்து எண்ணும் அவள் நடந்ததை.

அவள் பிரிந்தது மார்ச் இருபத்தொன்பது.
அந்த நாற்பத்தியொரு வரியை
அவள் அழிக்கவில்லை,
கண்டதேயில்லை.
திங்கட்கிழமை அவசரத்தில்
எந்தக் கிளையைச் சங்கத்துக்கு ஏற்றினேன் என்பதும்
அப்போதுதான் ஞாபகம் வந்தது.
ஏற்றியது நான்.

ஆய்த எழுத்தை வகுப்பில்
மூன்று கல் அடுப்பு என்றுதான் கேலி செய்தோம்.
ஆய்ந்து பார் என்று அது சொல்லிக்கொண்டிருந்ததாம்.
முப்பத்திரண்டு வயதில் கேட்கிறது.

யன்னலுக்கு வெளியே
குப்பைத் தொட்டியை மான்கள் கிளறின.
உடம்பெல்லாம் புள்ளி,
ஒன்றைக்கூட இரவல் தராத அலட்சியம்.

அனுப்பியதை அழிக்கப் போனேன்.
நீலக் குறி இரண்டும் விழுந்திருந்தது.

ஆறரைக்கு வந்தாள்.
தயிர் முட்டியை மேசையில் வைத்தாள்.
என் திரையைப் பார்த்தாள், நெடுநேரம்.
"ஒரு புள்ளி கூடப் போட ஒனக்குப் பஞ்சியா, புள்ள?"

சிரிக்கலாமா என்று அவள் முகத்தில் தேடினேன்.
இடமில்லை.

இணைத்தோம்.
இணைப்புக்குப் பெற்றார் இருவர்,
இரண்டு ஏழெழுத்தும் அதில் நிற்கும்.
குறிப்பு எழுதும் இடத்தில் கோடு துடித்தது.
அவள் தட்டினாள்:
"ஐஸ் கழிவு. இப்போது இருவருக்கும் தெரிந்தபடி."

எமிலியானுக்குப் பிழை யாருடையது என்று சொல்ல
நான் வெளியே போனேன்.
முட்டியின் வாய்க்கட்டை
எட்டு மணிவரை யாரும் அவிழ்க்கவில்லை.