சுமை ஒன்று

குளச்சல் வண்டியில்
ஆசாரிப்பள்ளம் தாண்டியதும் சண்டை.
ஆள் உயரத்தில் ஒரு கறுப்புப் பெட்டி,
அதற்கும் டிக்கெட் எடுக்கணும் என்கிறார் நடத்துநர்.
உள்ளே என்ன, பிணமா ஓய்
என்று பின்சீட்டில் ஒரு கட்டைக்குரல்.
சில்லறை தேடிக் குனிந்தவரின்
இடது காதோரம் வெள்ளையாய் ஒரு தழும்பு.

அந்தத் தழும்பை எனக்குத் தெரியும்.
பதினெட்டு வருடமாக என் பட்டறைச் சுவரில்
ஆயில் ஏறிக் கிடக்கிறது
ஒரு வாரப்பத்திரிகையின் கால்பக்கம்:
பாடகி நடுவில்,
மைக் கம்பிக்குப் பின்னால் பாதி மறைந்து அவர்.
படத்தின் கீழே அவர் பெயரைப் போடவில்லை.
கேசட் அட்டையின் பொடியெழுத்தில்
பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்தேன்:
பேஸ் கிடார், வி. குணசீலன்.

பாட்டில் அவரைக் கேட்பவர்கள் குறைவு.
எனக்கு அவரைத் தவிர யாரும் கேட்பதில்லை.
படகு எஞ்சின்களோடு முப்பது வருடம்.
முதலில் போனது சில்வண்டு.
பிறகு குக்கர் விசில், புல்லாங்குழல்,
பிறகு வயலின்கள் மொத்தமாக.
மிச்சம் இருந்தது
பாட்டுக்கு அடியில் செருப்பில்லாமல் நடந்துபோகும்
அந்த ஒருத்தர்.
ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைப்பேன்,
அவர் வீட்டுக்குள் வந்துவிட்டார் என்று தெரியும்.

பெட்டியை என் மடியில வையுங்க என்றேன்.
கத்திவிட்டேன் போலிருக்கிறது.
முன்சீட்டுக் குழந்தை அழுதது
(வாயைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்).

அம்மாண்டிவிளை வரை ஒன்றும் பேசவில்லை.
பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில்:
அந்த மழைப் பாட்டு, ரெண்டாம் சரணம்,
எல்லாரும் நின்னபிறகு
நீங்க மட்டும் நாலு படி இறங்குவீங்களே,
அதைக் கேட்டுக்கிட்டே ஒரு ராத்திரி
ஆறு சிலிண்டர் எஞ்சினை
முழுசா அவுத்துப் பூட்டியிருக்கேன்.

அவர் என் நல்ல காது எது என்று கண்டுபிடித்து
அந்தப் பக்கம் குனிந்தார்.
அது நான் இல்லீங்க.
அன்னிக்கு எனக்கு அம்மை.
கீபோர்டுல ஒரு பையன் வாசிச்சான்.
அட்டையில பேரை மாத்த மறந்துட்டாங்க.

கேட்காதவன்போல் இருந்திருக்கலாம்.
எனக்கு அந்த வசதி உண்டு.
வெளியே பார்த்தேன்:
தென்னை, தென்னை, ஒரு குருசடி, தென்னை.
பெட்டி மடியில் கனத்தது.

இறக்கத்தில் வண்டி மூன்றாம் கியருக்கு வந்தபோது
காலடியில் ஒரு முனகல்.
பேரிங், என்றேன் என்னையறியாமல்.
அதே நொடியில் அவர் உதட்டிலும் ஒரு சொல்,
ஏதோ சுரத்தின் பெயராக இருக்கலாம்.
இருவரும் கீழே தகரத்தைப் பார்த்தோம்.
அவர் சீட்டுக் கம்பியில் விரலை வைத்து
அந்த முனகலுக்குக் கீழே
ஒன்று,
விட்டு, இன்னும் இரண்டு
என்று தட்ட ஆரம்பித்தார்.
கம்பி வழியாக என் முழங்கைக்கு வந்தது.
மழைப் பாட்டு இல்லை. எந்தப் பாட்டும் இல்லை.
அன்னிக்கு நான் போயிருந்தா இப்படி வாசிச்சிருப்பேன்
என்றாரா,
இந்த வண்டி ஊர் போய்ச் சேருமா
என்றாரா,
உதடு சரியாகப் பிடிபடவில்லை.
ஆமா, என்றேன்.

மணவாளக்குறிச்சியில் இறங்கினார்.
மச்சினி மகளுக்கு நிச்சயதார்த்தமாம்,
மண் கம்பெனி கேட்டுக்குப் பக்கத்து வீடாம்.
பெட்டியை நான்தான் இறக்கிக் கொடுத்தேன்,
இரண்டு கையாலும்,
ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைக் கொடுப்பதுபோல.
மீன்சட்டியோடு ஏறிய ஒருத்தி
பெட்டியில் முட்டிக்கொண்டு
அவரை முறைத்தாள்.

போட்டோ எடுக்கவில்லை.
கிளீட்டஸ் என்று என் பெயரைக்கூடச் சொல்லவில்லை.
நடத்துநர் கிழித்த சீட்டு மட்டும்
என் சட்டைப்பையில் தங்கிவிட்டது:
சுமை ஒன்று, பன்னிரண்டு ரூபாய்.

குளச்சலில் இறங்கி ஓட்டுநரிடம் போனேன்.
முன்னால இடது பேரிங் போயிருக்கு,
நாளைக்கே பாத்துக்கிடும் என்றேன்.
அவர் எஞ்சினை அணைத்துவிட்டு,
தலையைச் சாய்த்து, கொஞ்ச நேரம் இருந்தார்.
எனக்கு ஒண்ணும் கேக்கலியே
என்றார்.