ஆல்பேட்டை, அழிப்பு நாள்

தாசில்தார் கையெழுத்துப் போட்டதும்
ஜேசிபி தோண்டிய குழியில்
ஊற்ற ஆரம்பித்தோம்.
குவார்ட்டர் பிராந்தி ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு,
பாண்டிச் சாராயம் ஏழு கேன்,
கடைசியில் இது:
வழக்கு எண் 212. சிவப்பு ஒயின். ஒரு புட்டி.
பைக் சீட்டுக்கடியில்
ஈரத்துண்டு சுற்றி, பிள்ளை மாதிரி கிடந்தது.

மகசர் எழுத லேபிளை அன்றைக்கே படித்திருந்தேன்:
கடல் மட்டத்துக்கு மேல் எண்ணூற்று நாற்பது மீட்டர்.
தெற்கு பார்த்த மலைச்சரிவு. கையால் பறித்த திராட்சை.
எங்கள் ஊரில் மேடு என்றால்
பெண்ணையாற்றுப் பாலம்.

கார்க் வரவில்லை.
மூடி திருகியே பழகிய கை.
ஏட்டு செங்கமலம் பேனாவால் உள்ளே தள்ளினாள்,
என் கையெல்லாம் தெறித்தது.

குழியில் இறங்கும்போது
அது சிவப்பாகக்கூட இல்லை.
வெயில் பட்ட ஓரம் செங்கல்,
நடுவில்
நாவல்பழம் தின்ற நாக்கு.
கோடைமழை விழுந்த கருங்கல் வாசம்
பிராந்தி நெடியைத் தாண்டி மேலே வந்தது,
ஒரு மூச்சு நேரம்.
மணல் குடித்துவிட்டது.
மணலுக்கு ரகம் தெரியாது.

இரவு அவர்
வழக்கம்போல் கதவிலேயே சாய்ந்திருந்தார்.
தினமும் நான்தான் அவர் வாயை மோந்து பார்ப்பேன்.
இன்று என் காக்கிக் கையை அவர் மோந்தார்.
"என்னடி, ரத்தமா?"

மலை என்றேன்.
"யாருகிட்ட கதை விடுற"
என்று சிரித்துக்கொண்டே தூங்கிப்போனார்.

சட்டையை ஊறப்போட்டேன்.
இரண்டு தரம் அலசியும்
மணிக்கட்டுப் பக்கம் சரிவாக ஒரு கறை.
மூன்றாம் தரத்துக்கு
சோப்பைத் தொடவில்லை.