பதினோரு காலடி

ஓடுபாதைக்கு இங்கே இரண்டு வேலை.
விமானம் வராத நேரத்தில்
கிவுமலைச் சரிவில் எங்கள் ஊருக்கு
அதுதான் ஒரே நேர்ச்சாலை.
கரிமூட்டை சுமக்கும் பெண்கள்,
பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள்,
வாழைத்தார் கட்டிய மிதிவண்டிகள்.
குறுக்கே அல்ல,
நெடுக்கே போவார்கள்.
வேலி இருந்தது.
அதன் கம்பி எந்தெந்தக் கோழிக்கூட்டில் இருக்கிறதென்று
எனக்குத் தெரியும்.
ஒரு கூடு என் வீட்டுப் பின்புறம்.

என் பெயர் கவுகோ. கோபுரத்தில் இருக்கிறேன்.
கோபுரமென்றால் மூன்று மாடி,
ஒரு ரேடியோ, கீறல் விழுந்த பைனாகுலர்.
ராடார் வருமென்று
தலைநகரத்தார் வந்து அளந்து போனார்கள்.
அவர்கள் போட்ட சுண்ணாம்புக் கோட்டை
அடுத்த வாரமே மழை தின்றது.
தீயணைப்பு வண்டி உண்டு.
அதன் முன்சக்கரங்கள்
யாருடைய லாரியிலோ ஊரைச் சுற்றுகின்றன.

நாளைக்கு நான்கு விமானம் என்று போட்ட பாதை.
மலைக்கு அந்தப் பக்கம் சுரங்கம் திறந்தபின்
முப்பத்தொன்று.
எனக்கு அதே இரண்டு காது.

அன்று செவ்வாய்க்கிழமை. ஐந்தே முக்கால்.
எங்கள் ஊரில் இருட்டு மெல்ல வராது,
மேலிருந்து விழும்.
மூன்று நிற்கவேண்டிய இடத்தில் ஐந்து நின்றன.
ஐந்தாவதன் வால்
ஓடுபாதைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது,
பேருந்து சன்னலில் மறந்துவைத்த கைபோல.
தெற்கே ஹ்ரிட்சென்கோவின் கிழட்டு அன்டோனோவ்.
கிழக்கே, மேகத்துக்குள், செப்கெமோய்,
தடுப்பூசிப் பெட்டிகளோடு.
"எரிபொருள் இருபது நிமிஷம்" என்றாள்.
"எனக்குப் பதினைந்து" என்றான் அவன்.
எப்போதும் பதினைந்துதான் சொல்வான்.
இன்று உண்மையாயிருந்தால்?

அவனை முதலில் இறங்கச் சொன்னேன்.
கசெரெக்காவை மோட்டார்சைக்கிளில் விரட்டினேன்.
எங்கள் சைரன் அவன் ஊதல்தான்.
ஊதிக்கொண்டே போனான்.
ஆட்கள் விலகினார்கள்,
தலையில் சுமையிருக்கும்போது எப்படி விலகமுடியுமோ
அப்படி.

மாசிக்கா மட்டும் நின்றாள்.
மூட்டையைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள்.
நான்கு நாள் எரித்த கரி.
பிறகு போட்டுவிட்டு ஓடினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கறுப்பாய் ஒரு எழுச்சி.
தீ என்று நினைத்தேன்.
என் கைபேசியை எடுத்தேன்,
அலுவலகத்துக்கு வேறு தொலைபேசி இல்லை.
மீதித்தொகை போதாது என்றது ஒரு பெண்குரல்,
மிக மரியாதையாக.
தீயில்லை. கரித்தூள்.
தூள் அடங்கியதும் விமானம் முழுதாய் நின்றது,
அதன் வலது சக்கரத்தில்
ஒரு சாக்கின் நார்.
மேகத்துக்குள்ளிருந்து செப்கெமோய்
மூன்றாம் முறையாக என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள்.
தலைப்பாகைக்கு யார் காசு கொடுப்பது
என்று யாரும் சொல்வதில்லை.
மாசிக்கா மறுநாள் அதைத்தான் கேட்டாள்.
என் பையிலிருந்து பாதி கொடுத்தேன்.

விடிந்ததும் நடந்து அளந்தேன்.
சக்கரத்தடத்திலிருந்து
அவள் குப்புற விழுந்த புல் வரை
பதினொன்று.

படிவத்தில் மூன்று கட்டம்.
இறந்தோர்: இல்லை.
காயமுற்றோர்: இல்லை.
விமானச் சேதம்: இல்லை.
மூன்று "இல்லை" எழுதினால்
அந்தச் செவ்வாய்க்கிழமையே இல்லை.
ஓரத்தில் விரலளவு வெள்ளையில்
11 என்று எழுதினேன்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்திருக்கிறது.
ஓடுபாதை பற்றியில்லை. வேலி பற்றியில்லை.
"ஓரத்திலுள்ள எண்ணுக்கு
அலகு குறிப்பிடப்படவில்லை.
திருத்தி அனுப்பவும்."

இப்போது மணி ஐந்து நாற்பது.
கீழே கசெரெக்கா ஊதலைச் சட்டையில் துடைக்கிறான்.
மாசிக்கா இடது ஓரமாக வருகிறாள்,
புது மூட்டை.
ரேடியோவில் இரண்டு பேர்
ஒருவர்மேல் ஒருவர் பேசுகிறார்கள்.
இருங்கள், இருங்கள்.
ஒரு வரி எழுதிவிட்டு வருகிறேன்.

அலகு: காலடி.
என்னுடையது.
செருப்பு எண் முப்பத்தெட்டு.