எதன் ஓசை

லீசெகில் துறைமுகத்தில், பதினோரு மீட்டர் ஆழத்தில்
எங்கள் காது ஒன்று தொங்குகிறது.
காட் மீன்கள் முட்டையிடும் மாதம்;
அவற்றின் உறுமலை எண்ணத்தான் எனக்குச் சம்பளம்.

தலையில் ஹெட்ஃபோன். பக்கத்தில் ஆறிய காபி.
நங்கூரச் சங்கிலி உரசுகிறது. எங்கோ ஒரு நண்டு
கல்லைச் சுரண்டுகிறது.
இரவு இரண்டே முக்காலுக்கு
ஒரு டீசல் எஞ்சின்
மூன்று முறை இருமிவிட்டுக் கிளம்புகிறது.

அந்த இருமல் எனக்குத் தெரியும்.
சிக்ஸ்டனின் படகு.
தடை போட்ட பக்கம்தான் போகிறது.
அன்று காலை என் வாசற்படியில்
செய்தித்தாளில் சுற்றி ஒரு மீன் இருந்தது,
வயிறு நிறைய முட்டையோடு.
வறுத்தேன். ருசியாக இருந்தது.

அட்டவணையில் 'எதன் ஓசை' என்றொரு கட்டம்.
கர்சர் விட்டுவிட்டு மினுங்குகிறது.
'காற்று' என்று அடித்துவிட்டு
அடுத்த நிமிடத்தைக் கேட்கிறேன்:

ஓர் உறுமல்.
பிறகு நெடுநேரம் எதுவும் இல்லை.